கொதிக்க வைத்த தண்ணீர்

நாற்பத்தெட்டு வயதில், மூக்குக்கண்ணாடியும் முழங்கால் வலியுமாக, முதுகலை படிக்கப் பிஜித் தீவில் இருக்கும் சுவாவுக்குப் போனேன். யாருக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறது, யார் கெட்ட தண்ணீர் குடித்துச் சாகிறார்கள் என்பதுதான் படிப்பு. அந்த இடம் எனக்குப் பத்து வருடத்துக்கு முன்பே கிடைத்தது. நர்சுக்கு இதற்கு மேல் என்ன படிப்பு என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டவள் நானேதான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஒருநாள் கிணற்றுநீர் பற்றிய வகுப்பு. எங்கள் கிரிபாட்டி போன்ற மணல் தீவுகளில் பன்றிக் கழிவும் மலக்குழி நீரும் கிணற்றுக்குள் இறங்கினால் நைட்ரேட் என்ற உப்பு சேரும், அது கைக்குழந்தையின் இரத்தத்தைக் கெடுக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும் என்றார் பேராசிரியை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இந்த உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அகோயா என் ஊர்க்காரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குத் தாய்ப்பால் வற்றிப்போய், பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுத்தாள். பிள்ளையின் உதடு நீலமானதும் என்னிடம் ஓடி வந்தாள். "தண்ணிய இன்னும் நல்லா கொதிக்க வைடி" என்று திட்டி அனுப்பினேன். நாலாம் நாள் பிள்ளை போய்விட்டது. அதோடு விட்டேனா? அடக்கம் முடிந்து, மனேயபா என்கிற எங்கள் ஊர்ச் சாவடியில் ஊரே கூடியிருக்க, "விறகுக்குச் சோம்பல் பட்டா இப்படித்தான்" என்றேன். அன்றிலிருந்து அவள் புருஷன் யோதேபா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தகரக் கூரை போட்ட வீடுகளில் மழைநீர்த் தொட்டி இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றுகூட நீலம் பாரிக்கவில்லை. ஓலை வீடுகளுக்குக் கிணறுதான் கதி. இருபது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிய என் கண்ணில் அது படவில்லையே, பாவி!

போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் கிணற்றுநீரில் நைட்ரேட்டைக் காட்டும் சோதனைத் தாளை நனைத்தேன். செக்கச்செவேலென்று சிவந்தது. உள்ளே அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அகோயாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதமாம், அதற்கும் புட்டிப்பாலாம்.

"அதை இறக்குடி! அந்தத் தண்ணி வேணாம்."

"அரைமணி கொதிச்சிருச்சுக்கா, நீங்க சொன்ன மாதிரியே. இந்தவாட்டி சோம்பலே படல" என்று சிரித்தாள்.

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ, எம்புள்ளைய நான் கொல்லலையா?"

"இல்லடி. நாந்தான்."

எழுந்துபோய்க் கெண்டித் தண்ணீரை மணலில் கொட்டினாள்.

"இப்ப இந்தப் புள்ளைக்கு என்னக்கா பண்றது?"

"பள்ளிக்கூடத் தொட்டில மழைத்தண்ணி இருக்கு, நான் கொண்டாறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மனேயபாவுல ஊருக்கு முன்னாடி எல்லாத்தையும் சொல்றேன். என் தப்புன்னு சொல்றேன்."

தலையாட்டினாள். பிறகு வீட்டை ஒட்டி, வெள்ளைக் கல் பரப்பியிருந்த புருஷனின் கல்லறை மேட்டைப் பார்த்தாள். யோதேபா போன டிசம்பரில் இறந்துபோயிருந்தான்.

"சாகுற அன்னிக்குக்கூட என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலக்கா" என்றாள். "அவருகிட்ட யாரு சொல்றது?"