முனிராஜ் சுட்ட குண்டுகள்

ராயக்கோட்டைக்குக் கிழக்கே முனிராஜ் சுட்ட குண்டு ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை தூரம் போனது. ரைபிளை விட்டு வெளியே வந்து, பன்றி மூக்கின் உயரத்தில், ராகிப் பயிருக்கு நடுவே நின்றது. மறுநாள் அவன் மனைவி கெம்பம்மா விரல் வைத்து அளந்தாள். நகர்ந்திருந்தது. தொட்டால் சுட்டது.

அது ஐம்பத்து நாலாம் வருஷம். போன வருஷத்து ராகியைக் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்திருந்தன. இந்த வருஷமும் போனால் களி கிண்ட மாவில்லை. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ரைபிள் இருந்தது. கடைத் தோட்டா கட்டுப்படியாகவில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பத் தொடங்கினான் முனிராஜ். கூடுகளைக் கழுவ கெம்பம்மாவின் புளி, ஈயம் காய்ச்ச அவளுடைய குழம்புக் கரண்டி. அடுப்படியை அவன் பிடித்துக்கொண்டதால் சமையல் வாசலுக்குப் போனது. மருந்து பொடிசாக இருந்ததால், ராகி விதைக்கும்போது செய்வதுபோல, சலித்த மணலை அதில் கலந்தான்.

“இது என்னா வெதையா?” என்றாள் கெம்பம்மா.

“பொடுசா இருந்தா மணலு கலக்கணும். உனுக்கு என்னா தெரியும்?”

முதல் குண்டு நின்ற பிறகும் அவன் மணலைச் சந்தேகிக்கவில்லை, ரைபிளைத்தான் சந்தேகித்தான். வரப்பில் இடம் மாற்றி மாற்றிச் சுட்டான். குண்டுகள் வயலின் குறுக்கே வரிசையாக நின்றன. பக்கத்து நிலத்து ஆஞ்சப்பன் தினமும் வந்து பார்த்தான்.

“என்னா முனிராஜண்ணா, குண்டு கெளம்பிருச்சா? வண்டி கட்டி அனுப்பலாமில்ல.”

கெம்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கதிர் முற்றும் சமயத்தில் பன்றிகள் இறங்கின. முதல் பன்றி மூக்கைச் சுட்டுக்கொண்டு அலறியது. மற்றவை வரிசை நெடுக வழி தேடிப் பார்த்துத் திரும்பிப் போயின. ராகி வீடு வந்தது. அறுப்புக்கு வந்த பெண்கள் குண்டுகளைச் சுற்றிக்கொண்டு அறுத்தார்கள்.

குண்டுகள் நிற்கவில்லை. பத்து வருஷத்தில் ஆஞ்சப்பன் நிலத்தைக் கடந்தன. அங்கேயும் பன்றி இறங்கவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரை அவை நெருங்கியபோதுதான் கோபமாக வந்தான்.

“அண்ணி, இதெல்லாம் எடுத்துக்கச் சொல்லுங்க உங்க வூட்டுக்காரர.”

“அவுரு எம்பேச்சக் கேட்டிருந்தா அது உன் கொட்டாயிக்கு ஏன் வருது, ஆஞ்சப்பா?”

முணுமுணுத்தபடியே அவன் சுவரில் வரிசையாகத் துளை போட்டு வழிவிட்டான். மார்கழிக் குளிரில் அவன் மாடுகள் குண்டுகளை ஒட்டிப் படுத்து அசைபோட்டன.