முந்தின வெள்ளத்தின் கணக்கு

வெள்ளக் கணிப்பு அலுவலகத்தில் அவனை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டமில்லை, படுத்துக்கொண்ட கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைப்பதால் வந்த பேர். சனிக்கிழமை எல்லா மெஷினிலும் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் இந்த டாக்டர்தான். திங்கட்கிழமை மதியம், விடாத அடைமழையில், ஆற்று மட்டத்தைக் கணிக்கும் மென்பொருள் திறந்த மாத்திரத்தில் செத்து விழுந்தது.

"நாலு மணிக்கு நான் நம்பர் சொல்லியாகணும்ப்பா," இயக்குநர் தலைமேல் நின்றார். "தாழ்வான தெருக்களைக் காலி பண்ணணுமா வேண்டாமான்னு மேலிடத்துல குடையறாங்க."

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அவன் அக்கா இருந்தாள், பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவனோடு.

மழைமானிகளின் பதிவைப் படித்துத் தரும் பழைய துணைக் கோப்பைக் காணோம் என்றது திரை. புதுப்பித்தபோது அது போய், புதுப் பதிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. பழையதைத் தேடி எடுத்தால் அது இன்னும் நாலு பழைய கோப்பைக் கேட்டது. மணி மூன்று. கடைசியில், இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்துவிட்டு வெளியே மூச்சுவிடாத காரியத்தைச் செய்தான். புதுக் கோப்புக்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டிவிட்டான். மென்பொருள் ஏமாந்து, சிணுங்காமல் ஓடியது.

மூன்று புள்ளி ஒன்று மீட்டர். அபாய அளவு நாலு. அப்பாடா!

எதிர்ச் சுவரில் அவனே எழுதி ஒட்டிய தாள் இருந்தது. எதைத் தொட்டாலும் முந்தின வெள்ளத்தின் மழைக் கணக்கை ஓட்டிப் பார், அன்று ஆறு தொட்ட நாலு புள்ளி ஆறு மீட்டர் வராவிட்டால் எதையும் நம்பாதே என்று. ஓட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும், மணியோ மூன்றரை. வேறொருவன் அதைத் தாண்டிப் போயிருந்தால் அவனை இவன் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான். இன்றைக்கோ, நம்பரைக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அக்கா கூப்பிட்டாள். "என்னடா, கிளம்பணுமா? மேட்டுல பள்ளிக்கூடத்தைத் திறந்திருக்காங்களாம். உங்க மாமாவைத் தூக்கத்தான் ஆள் பார்க்கணும்."

"வேண்டாம்க்கா. மூணு மீட்டர்தான். நானே பார்த்தேன், நிம்மதியா இரு."

"நீ சொன்னா சரிடா."

நாலு மணிக்கு இயக்குநர் நம்பரைச் சொன்னார். அதன் பிறகு அவன் முந்தின வெள்ளத்தை ஓட்டினான். நாற்பது நிமிடம் கழித்து வந்தது இரண்டு புள்ளி ஒன்பது.

உள்ளே தோண்டினான். மலைப்பக்கத்து ஆறு மழைமானிகளும் வெறும் பூஜ்யமாக நின்றன. புதுக் கோப்பு அவற்றைப் படிக்கவே இல்லை. மலையில் கொட்டிய மழை மொத்தமும் கணக்கில் வரவில்லை. பாழாய்ப்போன மென்பொருள் செத்தே கிடந்திருந்தால்கூட, இயக்குநர் பயந்துபோய்த் தெருக்களைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்.

"சார், தப்பு! எல்லாரையும் வெளியேத்தச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டான். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"அக்கா, கிளம்பு! நான் சொன்னது தப்புக்கா!"

"தண்ணி கட்டில் வரைக்கும் வந்துடுச்சுடா." அவள் குரலில் கோபமே இல்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "மாமாவைத் தூக்க நாலு பேர் வந்து நின்னாங்க. என் தம்பி அங்கதான் வேலை பார்க்கிறான், அவனே சொல்லிட்டான்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். தெரு பூரா சொன்னேன்டா. யாருமே கிளம்பல."