ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் இரண்டு எந்திரங்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. பழையது கிளிப்பிள்ளை. யார் புகார் அனுப்பினாலும் "உங்கள் புகார் கிடைத்தது" என்ற ஒரே வரியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அண்ணியின் மேசையில் மணியடிக்கும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. புதியது மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து தனி உபசாரம். எதைக் கேட்டாலும் தானாக யோசித்து ஒரு பதில். தட்டிக்கேட்க ஆள் கிடையாது. பெயர் வைத்தவள் அண்ணிதான்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. முதலாளி அவளுடைய கொழுந்தன். அண்ணன், அதாவது அவள் புருஷன், ஸ்பானரோடு மேலே ஏறுவார், தம்பி கண்ணாடி அறைக்குள் உட்காருவார். தொழில் அப்படித்தான் நடந்துவந்தது. மாப்பிள்ளை வந்ததும் "இனிமே மணி எதுக்கு அண்ணி, சும்மா காதைக் குடையுது" என்று கொழுந்தன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அன்று காலை அவர் கண்ணாடி அறையை விட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அதுவே நல்லதாகப் படவில்லை.

"அண்ணி, அந்த டீச்சர் விஷயம்..."

அவளுக்கும் காலையில்தான் தெரிந்திருந்தது. நான்காம் மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர், சக்கர நாற்காலிக்காரி. நேற்று மத்தியானம் பள்ளியிலிருந்து திரும்பியபோது லிஃப்ட் நின்றிருந்தது. போனில் எழுதிக் கேட்டிருக்கிறாள். "ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடும்" என்றது மாப்பிள்ளை. மறுபடி கேட்டாள். மறுபடி ஒரு மணி நேரம், "உங்கள் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி" என்ற இனிப்போடு. இருட்டிய பிறகு நாலு பேர் சேர்ந்து பீரோவைத் தூக்குவதுபோல் அவளை மாடியேற்றினார்கள். ஆள் யாரும் கிளம்பவே இல்லை. யாருக்கும் தகவலே போகவில்லை. பதில் சொல்லியாயிற்று என்பதால் புகார் முடிந்தது என்று மாப்பிள்ளை முடிவு கட்டிவிட்டது.

"டீச்சரும் அவங்க குடியிருப்புச் சங்கச் செயலாளரும் இப்ப வர்றாங்க. அதெல்லாம் நீங்க டைப் பண்ணினதுன்னு சொல்லிடுங்க. அசதியில கவனிக்கலைன்னு."

"நானா?"

"மாப்பிள்ளையைக் காட்டித்தான் அங்க நாலு பிளாக் லிஃப்ட் வேலையையும் கேட்டிருக்கேன். மெஷின் பொய் சொல்லுச்சுன்னா எவன் குடுப்பான்? மனுஷி தப்பு பண்ணா மன்னிச்சுடுவாங்க."

அண்ணி மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடும் என்ற அந்த வாக்கியம் அவளுடையதுதான். எத்தனையோ வருடமாக அவள் அனுப்பிய பதில்களை எல்லாம் கொட்டித்தான் மாப்பிள்ளையைப் பழக்கினார்கள். அவள் சொன்னபோதும் அது பாதிப் பொய்தான். ஆனால் சொன்ன கையோடு புருஷனுக்குப் போன் போடுவாள். "எங்க தொங்கிட்டு இருக்கீங்க? ஒரு மணி நேரம்னு சொல்லிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க." அந்த மனுஷன் மூச்சிரைக்க ஓடிப்போய் அதை மெய்யாக்கிவிடுவார். அந்தத் திட்டு எங்கேயும் பதிவாகவில்லை. மாப்பிள்ளை வாக்கியத்தை மட்டும் படித்துக்கொண்டது. சொன்ன பிறகு வருகிற பயத்தைப் படிக்கவில்லை.

"தம்பி, கிளிப்பிள்ளை தப்பு பண்ணா அது நான் சொல்லிக்குடுத்த தப்பு. என்னைக் கேளுங்க, பதில் சொல்றேன். இது அடுத்து என்ன சொல்லும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுக்கு நான் எதுக்குத் தலையைக் குடுக்கணும்?"

"வீட்டுக்குள்ளதானே அண்ணி? என்ன குறைஞ்சிடுவீங்க?"

"அண்ணி சொன்னா ஆள் வரும்னு ஒரு பேர் இருக்கு. எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

வாசலில் சக்கரம் இடித்தது. செயலாளர் நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கி டீச்சரை உள்ளே தள்ளிவந்தார். கொழுந்தன் பாய்ந்து எழுந்தார்.

"வாங்க டீச்சர். இவங்கதான் எங்க அண்ணி. நேத்து இவங்களுக்குக் கொஞ்சம் அசதி..."

டீச்சர் அவளை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் எழுதினீங்களா? பொறுமைக்கு மனமார்ந்த நன்றின்னு?"

கொழுந்தனின் செருப்பு தரையைத் தேய்த்தது.

"இல்லை," என்றாள் அண்ணி. "எழுதினது மெஷின். வார்த்தை என்னோடது, என்னைப் பாத்துக் கத்துக்கிச்சு. ஆளை அனுப்பணும்னு அதுக்கு யாரும் சொல்லித்தரலை. கவனிக்காம விட்டது நாங்க எல்லாரும்."

"அண்ணி!"

"காலையில என்னைக் கீழ இறக்கறதுக்கும் நாலு பேர்," என்றாள் டீச்சர். "எந்த மெஷினோ எனக்கென்ன. நான் திரும்பிப் போறப்ப லிஃப்ட் ஓடுமா?"

அண்ணி போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேம்மா," என்றது புருஷன் குரல்.

"எனக்கே மாப்பிள்ளை பதிலா? காலையிலயே கிளம்பச் சொன்னேனே. எந்தத் தெருவுல இருக்கீங்க?"

"டீக்கடையில..."

"டம்ளரைக் கீழ வைங்க. அந்த டீச்சர் இங்க என் முன்னாடி உக்காந்திருக்காங்க. லிஃப்டைத் திறந்து பாத்துட்டு, ஆகுமா ஆகாதான்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் இவங்களை அனுப்ப மாட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் போன் வந்தது. "பிரேக் மாத்தியாச்சு. ரெண்டு தடவை ஏறி இறங்கிப் பாத்துட்டேன். வரச் சொல்லு."

போகும்போது செயலாளர், "நாலு பிளாக் விஷயம் கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம்," என்றார். எந்தத் தொனியில் சொன்னாரோ, கொழுந்தனின் முகம் செத்துப்போனது.

"கெடுத்துட்டீங்க. நாளையிலேருந்து வீட்டுல ரெஸ்ட் எடுங்க அண்ணி."

"நாளைக்கும் வருவேன். இந்த நாற்காலி உங்க அண்ணன் வாங்கிப் போட்டது. மாப்பிள்ளை இருந்துட்டுப் போகட்டும். ஆனா உங்க அண்ணன் கிளம்பிட்டேன்னு எங்கிட்ட சொல்லாம, அது யார்கிட்டயும் ஒரு மணி நேரம்னு சொல்லக்கூடாது."

புடவையைச் செருகிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தாள். தூசிக்குள் மணியின் ஒயர் கிடந்தது. துடைத்து மாட்டினாள். மணி ஒருமுறை அலறியது.

கண்ணாடி அறைக்குள் ஒரு தலை நிமிர்ந்தது. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த புகார் வந்திருந்தது, போனை எடுத்தாள்.