ரேகை போனவர்கள்

முதியோர் கல்வி மையத்தில் முதன்முதலாகத் தன் பெயரை முழுசாக எழுதியவர் பிணவறைக் காவலாளி. கடைசி எழுத்தை முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்தபோது அவருடைய வலது கட்டைவிரலில் ரேகை இல்லை. கரைந்த சோப்பைப் போல வழவழவென்று இருந்தது. விடிவதற்குள் மற்ற ஒன்பது விரல்களிலும் போய்விட்டது. வலி இல்லை, ரத்தம் இல்லை. அவர் விரலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கையெழுத்து வந்தாச்சு, இனிமே இது எதுக்கு" என்று சட்டையில் துடைத்துக்கொண்டார். அடுத்து இஸ்திரிக்காரருக்குப் போனது, அதற்கடுத்து மீன் கழுவுகிற அக்கா தங்கை இருவருக்கும் ஒரே நாளில். டீச்சர் சாக்பீஸை மாற்றிப் பார்த்தார், பலகைக்குப் பதில் சிலேட்டு, சிலேட்டுக்குப் பதில் காகிதம் என்று மாற்றிப் பார்த்தார். எதில் எழுதினாலும் நடந்தது. மழை, பேருந்து, அபாயம், உள்ளே வராதே என்று வேறு எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஒன்றும் ஆகாது. சொந்தப் பெயரை முடித்தால் மட்டும் ரேகை போய்விடும். ஓரிரு மாதத்தில் எங்கள் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. கண்ணாடி போட்டால் மூக்கில் தழும்பு விழுவதைப் போல இதுவும் படிப்போடு வருகிற ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

மையம் நடந்தது மூடிப்போன கூட்டுறவுக் கடையின் கிடங்கில். எவ்வளவு கழுவினாலும் மண்ணெண்ணெய் வாடை போகாது. மாலை ஆனதும் டீச்சர் பூட்டைத் திறந்து, எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ளி, பாயை விரித்து, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து வைப்பார். பிறகு தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆட்களைக் கூப்பிட வேண்டும். சமையல் ஆகவில்லை, கால் வலிக்கிறது, மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து வராததற்குக் காரணம் மூளை இல்லை, கண். அதற்காக டீச்சர் பிஸ்கட் டின் ஒன்றில் பழைய மூக்குக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்திருந்தார், எல்லாம் செத்துப்போனவர்களுடையவை. வந்ததும் ஆளாளுக்கு டின்னில் கையை விட்டுத் துழாவி, தெரிகிற கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். "உன் மாமனார் கண்ணு எனக்குச் சரியா இருக்கு, ஆனா எல்லாரும் கடன்காரங்களாத் தெரியறாங்க" என்று யாராவது சொன்னால் அன்றைய பாடம் சிரிப்பில் தொடங்கும். பின்வரிசையில் குழந்தைகள் தூங்கும். பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் எழுதுகிறவளும் உண்டு. பிணவறைக் காவலாளி எப்போதும் முன்வரிசை. கால்விரலில் கட்டிய அட்டையைப் படிக்கத் தெரியாமல் ஒருமுறை இரண்டு குடும்பங்களுக்கு ஆளை மாற்றிக் கொடுத்தவர் அவர். இரண்டு வீட்டிலும் அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, படிக்க வந்தார்.

டீச்சரின் நாத்தனாரைத் தெருவில் வாயாடி என்பார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே தாலி அறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். மில்லில் சாயப் பிரிவில் நூல் அலசுகிற வேலை. முழங்கை வரை சில நாள் நீலம், சில நாள் சிவப்பு. அண்ணி மையம் தொடங்கியபோது முதலில் கிண்டல் செய்ததும் அவள்தான். "வீட்டுல இருக்கற ஒரு மாமியாருக்கே பதில் சொல்ல முடியல, ஊர்க் கிழடுகளுக்கெல்லாம் பாடம் சொல்லப் போறாங்களாம்." பிறகு ஒருநாள் வந்து, டின்னில் ஒரு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் யாரும் தன்னைக் கூப்பிடாத ஒரு மணி நேரம் அங்கேதான் கிடைக்கிறது என்றாள். மற்றவர்கள் ஒரு வருஷத்தில் கற்றதை ஒரு மழைக்காலத்தில் கற்றாள். கடலை மடித்த காகிதம், மருந்துச் சீட்டு, பேருந்தின் முதுகில் எழுதியிருப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்தாள். மில்லில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பழைய செய்தித்தாளைக் கேட்டார்கள். போன மாதத்து விபத்துக்கு இந்த மாதம் அழுதார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மில் வாசலில் எந்திரம் வைத்தார்கள். வரிசையில் நின்று வலது கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், சின்னத் திரையில் படமும் பெயரும் வரும், ஒரு பெண் குரல் "நன்றி, உள்ளே செல்லலாம்" என்று சொல்லும், இரும்புக் கதவு நகரும். பெண்கள் அந்தக் குரலுக்கு "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். விரல் வழவழப்பானவர்களுக்கு விளக்கு சிவப்பாகவே நின்றது. மையத்தில் பெயர் எழுதியிருந்த நாலைந்து பேருக்கு அன்றே வேலை போனது. மேனேஜரிடம் போய்க் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் எந்திரத்துக்குப் படிக்கத் தெரியாதே என்றார் அவர். மறுநாளிலிருந்து மையத்தில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் பேசி வைக்கவில்லை. பெயரின் கடைசி எழுத்தை எழுதாமல் விட்டார்கள். பலகை முழுக்க வால் அறுந்த பெயர்கள் நின்றன. டீச்சர் அவற்றைத் திருத்தவில்லை, சரி என்றே குறி போட்டார். வாயாடியும் அப்படித்தான். ஊரில் உள்ள அத்தனையும் படிப்பாள், தன் பெயரில் மட்டும் ஒன்று குறையும்.

இதற்கிடையில் இஸ்திரிக்காரர் மார்புச் சளியில் இறந்தார். பிணவறைக் காவலாளி அன்று மாலை மையத்துக்கு வந்து, மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னார். "இஸ்திரிக்காரருக்கு ரேகை வந்துடுச்சு டீச்சர். பத்து விரல்லயும். நானே பாத்தேன்." வாயாடிதான் முதலில் பேசினாள். "பரவால்லயே, செத்தா திருப்பிக் குடுத்துடறாங்க. நம்ம மில் மேஸ்திரி வாங்கினது எதையும் திருப்பிக் குடுத்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். பாடம் தொடர்ந்தது.

மறு வருஷம் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். நல்ல மனிதர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பலகையைப் பார்த்தார், ஒரு பெயர்கூட முழுசாக இல்லை. இத்தனை வருஷமாக நடக்கும் மையத்தில் இப்போது படிக்கிற ஒருவருக்குக்கூடக் கையெழுத்து வரவில்லை என்றால் இந்த மாதத்தோடு மூடிவிட வேண்டியதுதான் என்றார். டீச்சர் ரேகை விஷயத்தைச் சொன்னார். "அதெல்லாம் சோப்புனால வரதும்மா, தேங்காய் எண்ணெய் போடச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. யாராவது ஒருவர் தன் முன்னால் எழுதினால் போதும் என்று மணியைப் பார்த்தார். காவலாளி எழுந்தார். பழைய ஆட்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று அதிகாரி உட்கார வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் மில் ஆட்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. பிஸ்கட் டின்னை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்போது வாயாடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உக்காரு" என்றார் டீச்சர். "நீங்க சும்மா இருங்க அண்ணி. மூடிட்டா சாயங்காலம் பூரா நீங்க வீட்டுல இருப்பீங்க, உங்க சமையல யாரு சாப்பிடறது?" பலகைக்குப் போனாள். நீலம் ஏறிய கையால் மெதுவாக எழுதினாள், கடைசி எழுத்தையும் எழுதினாள். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு அண்ணி, என் பேரு" என்றாள். அதிகாரி திருப்தியாகக் கிளம்பினார். மறுநாள் டீச்சர் அந்தப் பெயரைத் துடைத்தார். இருந்தது ஒரே பலகை, அன்று பெருக்கல் பாடம்.

வாயாடி மில்லை விடவில்லை. மில்லிலும் மையத்திலும் கூடவே இருந்த பக்கத்து வீட்டுக்காரி விரலை வைத்ததும் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கதவு இருவரையும் ஒருத்தியாகவே எண்ணியது. அலசுவதற்குக் கை வேண்டியிருந்ததால் மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை. லீவு போட்டவர்களின் பேரில் பாதிக் கூலி கொடுத்தான். வாயாடி நல்ல ஒல்லி, அது வசதியாக இருந்தது. "ரெண்டு பொம்பளைக்கு ஒரு விரல், புருஷனைத் தவிர எல்லாத்தையும் பங்கு போட்டாச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரியைச் சீண்டுவாள். இப்படியே இரண்டு வருஷம் போனது. அதற்குள் தன் பெயரைத் தொட்டியில், வாளியில், சாப்பாட்டுத் தூக்கின் அடியில் எல்லாம் எழுதியிருந்தாள்.

பாய்லர் ஒரு முற்பகலில் வெடித்தது. சாயப் பிரிவின் தகரக் கூரை சாலையைத் தாண்டிப் போய் விழுந்தது. உள்ளே இருந்தவர்களை எந்திரத்தின் கணக்கை வைத்துச் சரிபார்த்தார்கள். உயிரோடு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், இறந்தவர்கள் எல்லாம் சரியாக வந்தது, ஒரு உடல் மட்டும் மிஞ்சியது. முகம் வெந்து போயிருந்தது. டீச்சரும் அவர் கணவரும் எங்கள் வீட்டுப் பெண் என்றார்கள். அந்தப் பெயரில் இரண்டு வருஷமாக யாரும் உள்ளே வரவில்லை என்றார் மேனேஜர். மில்லுக்குள் செத்தவர்களை மில் எழுதிக் கொடுத்தால்தான் ஒப்படைக்க முடியும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எழுதிக் கொடுக்காவிட்டால் அனாதை என்று புதைத்துவிடுவார்கள். மேஸ்திரி ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறக்கவே இல்லை. வாயைத் திறந்தால் வேலை போகும், அவளுக்கு மூன்று பிள்ளைகள். அண்ணன் பிணவறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை சின்ன வயதில் தொலைந்துபோய்க் கிடைத்த கதையை யார் வந்தாலும் சொன்னார், கேட்டவர்களுக்கே மறுபடி சொன்னார்.

புதைக்கக் குறித்த நாளுக்கு முந்தைய மாலை காவலாளி வெளியே வந்தார். அவளுடைய வலது கை தொட்டித் தண்ணீருக்குள் இருந்ததால் வேகாமல் இருக்கிறது, முழங்கை வரை நீலம் என்றார். "ரேகை வந்துடுச்சு டீச்சர். நல்லா பளிச்சுனு இருக்கு." காலையில் முதல் ஷிப்டுக்குத் தள்ளுவண்டி கிடைக்குமா என்று டீச்சர் கேட்டார். கிடைக்கும் என்றார் காவலாளி. வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு தடவ ஆளை மாத்திக் குடுத்திருக்கேன், இந்தத் தடவ சரியா குடுக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை வாயாடியின் உடல் கிடந்த ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியை டீச்சர், அண்ணன், காவலாளி மூவரும் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. மில் வாசலில் பெரிய வரிசை. வெடித்தது சாயப் பிரிவு மட்டும்தான், மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. யாரோ "முன்னாடி விடுங்க" என்றார்கள், வரிசை விலகியது. எந்திரத்தின் அருகில் வண்டியை நிறுத்திய பிறகு அண்ணனால் அந்தக் கையைத் தொட முடியவில்லை. டீச்சர் துணியின் நுனியைப் பிடித்தார், விலக்கவில்லை. வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் துணியை விலக்கி, நீலக் கையைத் தூக்கி, கட்டைவிரலை எந்திரத்தில் வைத்தாள். "ரெண்டு வருஷமா என் விரல்ல வந்தா. இன்னிக்கு அவ விரல்ல வரட்டும்" என்றாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் படம் வந்தது, பெயர் வந்தது. வரிசையில் நின்றவர்களில் மையத்தில் படித்தவர்கள் அதை எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தார்கள், பாடத்தில் படிப்பதைப் போலவே, கடைசி எழுத்து வரை. நன்றி, உள்ளே செல்லலாம் என்றது எந்திரம். கதவு திறந்தது. மேனேஜர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, கேட்ட காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பகலுக்குள் அடக்கம் முடிந்தது. காவலாளிக்கு வேலை போயிற்று.

அந்த வாரம் மையத்தில் டீச்சர் யாரையும் எதுவும் எழுதச் சொல்லவில்லை. அவர்களாகவே ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து பெயரை முடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி முதலில், மற்றவர்கள் அவள் பின்னால். மில்லில் பாதிப் பேருக்கு விளக்கு சிவப்பாகவே நின்றது. பாதி மில்லை நிறுத்த முடியாது. வாசலில் ஒரு மேஜை, நூலில் கட்டிய பேனா, ஒரு நோட்டு வந்தன. ஒவ்வொருவரும் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக, முதல் வாரங்களில் ஷிப்ட் ரொம்பத் தாமதமாகத் தொடங்கியது. எந்திரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அது தூணிலேயே இருக்கிறது.

டீச்சர் இப்போதும் மாலையில் கிடங்கைத் திறக்கிறார். டின்னில் வாயாடியின் கண்ணாடியும் கிடக்கிறது. அதைப் போடுகிறவர்களுக்கு எல்லாம் லேசான நீலமாகத் தெரிகிறது, எழுத்து தெளிவாகத்தான் தெரிகிறது. மில் வாசலில் தினமும் காலை முதல் ஷிப்டுக்கு முன்னால், வயர் இல்லாத அந்த எந்திரத்தில் பச்சை விளக்கு எரிகிறது. நன்றி சொல்கிறது. இரும்புக் கதவு ஒரு ஒல்லியான ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து நிற்கிறது. வரிசையில் இருப்பவர்கள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார்கள். மில் வாட்ச்மேன் அவள் உள்ளே போக நேரம் கொடுத்து, பிறகு கதவைத் தள்ளிச் சாத்துகிறார், பேனாவை எடுத்து அடுத்தவரிடம் நீட்டுகிறார்.