வால் நறுக்கிய கோப்புகள்

ஓர்வில் எங்கள் ஊரில் நாற்பது வருடம் தபால் கொடுத்தவர். கவரில் பெயர் மட்டும் இருந்தால் போதும், சரியான வீட்டில் சேர்த்துவிடுவார். அந்தத் திமிர்தான் அவரைக் கவிழ்த்தது.

நான் வெர்னா. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் வீட்டிலாவது கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மற்றபடி என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஜனவரியில் ஒரு மதியம், ஏரி முழுக்க உறைந்து கிடந்தபோது ஓர்வில் கூப்பிட்டார்; அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லூயெல்லா இறந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. அவளுடைய கம்ப்யூட்டரை அவள் இருந்தவரை அவர் தொட்டதில்லை.

"ஒண்ணும் திறக்கமாட்டேங்குது வெர்னா. எல்லாம் வெள்ளைக் காகிதமா நிக்குது."

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாலயும் ஒரு புள்ளி, மூணு நாலு எழுத்து தொங்கிச்சு. அசிங்கமா இருந்துச்சுன்னு நறுக்கிட்டேன்."

"வேணாம்னு அது எச்சரிச்சிருக்குமே!"

"ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. பரவாயில்லைன்னு அழுத்தினேன். இருநூத்திப் பதினாலு தடவை."

"அட மனுஷா! அந்த வால் இருந்தாத்தான் இது படமா, கடிதமான்னு மெஷினுக்குத் தெரியும். பேரை மட்டும் பாத்துக் கண்டுபிடிக்க அது என்ன நம்ம ஊர்க்காரனா?"

அவர் சிரிக்கவில்லை. "கடைசியில அவ வாயில குழாய் வச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை பேச முடியல. எனக்கு ஏதாவது எழுதி வச்சிருக்காளான்னு தேடத்தான் ஒழுங்கு பண்ணினேன்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெயர், தேதி, அளவு எல்லாம் வரிசையாகத் தெரியும்படி மாற்றினேன். பெரியது வீடியோ, நடுத்தரம் படம், சின்னது கடிதம் என்று ஊகித்து ஒவ்வொன்றுக்கும் வாலை ஒட்டினேன். ஒரு வீடியோவில் பேத்தி பனிச்சறுக்கில் விழுந்து எழுந்தாள். சர்ச் விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று ஒரு பட்டியல் வந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார்.

அளவுப்படி அடுக்கியதில் கடைசியாக ஒன்று நின்றது. பெயர், 'ஓர்வில்லுக்கு'. நவம்பர் ஒன்பது, காலை ஆறு நாற்பது. அளவு, பூஜ்யம்.

கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். நாக்கு எழவில்லை.

"உனக்குத்தான். ஆனா உள்ள ஒண்ணுமில்ல. பேர் மட்டும் வச்சிருக்கா."

"நான் நறுக்கினதுல போயிருக்குமோ?"

"இல்ல ஓர்வில். வாலை நறுக்கினா உள்ள இருக்கறது போகாது. அவ எழுதல."

அதைத் திறந்து காட்டச் சொன்னார். வெள்ளைத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது. நாற்காலியை இழுத்துப்போட்டு, இரண்டு விரல்களை விசைப்பலகையில் வைத்தார்.

"அப்ப நான் எழுதறேன்."

"எழுதி சேமிச்சா அந்தத் தேதி மாறிடும். இன்னிக்குத் தேதி வந்துடும்."

விரல்களை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றார். "ஆறு நாப்பதுக்கு நான் வெளியே காரைச் சூடு பண்ணிட்டிருந்தேன் வெர்னா. நேரமாச்சு, வான்னு ஹாரன் அடிச்சேன்."