ஊற்றுக்குள் இரும்பு

வீரய்யா கடப்பாரையால்தான் செத்தான். கடற்கரை மணலில் இரும்பு தட்டுப்பட்டதும், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்ற ஆசையில் ஓங்கி ஒரு குத்து குத்தினான். பட்டாளத்தார் பயிற்சிக்குச் சுட்டதில் வெடிக்காமல் புதைந்துபோன குண்டு அது. யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியும் அதற்கு உயிர் போகவில்லை. அன்றிலிருந்து மணமேல்குடிக்குத் தெற்கே இருந்த அந்தக் குடியிருப்பில் ஆம்பிளைகள் மணலில் ஒரு முளைக்குச்சிகூட அடிப்பதில்லை. மீசையை மட்டும் முறுக்குவார்கள்.

ஆகவே ஹவில்தார் ஆத்மநாதன் மிச்சக் குண்டுகளைத் தேடி, இரும்பு கண்டுபிடிக்கும் கருவியோடு வந்து தோண்ட ஆள் கேட்டபோது, ராக்காயி ஒருத்திதான் முன்னால் வந்தாள். தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம், அவளுக்கும் பயம்தான். ஆனால் கருவி கத்திய இடம் ஊருக்கே குடிதண்ணீர் தரும் மணல் ஊற்று. மூன்று வருஷத்துக்கு முன் அவள் கையால் வெட்டியது. விடிந்ததும் அந்தக் குழிக்குள் குதித்து, சிரட்டையால் தண்ணீர் மொண்டு மேலே கொடுப்பது அவளுடைய ஆறு வயது மகள் செவந்தி. குழி குறுகல், சின்ன உடம்புக்குத்தான் தோது.

ஹவில்தார் சாக்கை விரித்துச் சாமான்களைப் பரப்பினார்.

"எது கைக்கு வாகா இருக்கோ எடுத்துக்கம்மா."

ராக்காயி மண்வெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "இது ஒரு வெட்டுக்கு ஒரு கூடை மணல இழுக்கும்ங்க. கரை சரிஞ்சா உப்புத்தண்ணி உள்ள வந்துரும்."

கடப்பாரைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி ஒன்றும் கிடந்தது. அதைச் சாய்வாகப் பிடித்து மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும் என்று ஹவில்தார் செய்து காட்டினார்.

"ஒங்க கைக்குப் பழக்கங்க. எனக்கு இது எதுல முட்டுதுன்னு தெரியாது" என்றவள், வீட்டுக்குப் போய்ச் சிரட்டை அகப்பையை எடுத்து வந்தாள். கஞ்சி மொள்ளுகிற அகப்பை.

"பட்டாளத்துச் சாமானவிட ஒன் அகப்பை ஒசத்தியா?" என்று ஹவில்தார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அதுவும் சரிதான். இரும்போட இரும்பு முட்ட வேணாம்."

ராக்காயியின் மனசுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. புது ஊற்று வெட்டினால் காத்துக்கருப்பு தண்ணீரில் வாய் வைக்காதபடி அடியில் ஒரு இரும்பைப் புதைப்பது அவர்கள் வழக்கம். அவளும் ஒடிந்த அரிவாள் ஒன்றைப் புதைத்திருந்தாள். கருவி கத்துவது அதைப் பார்த்துத்தான் என்று நம்பினாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளுக்கு நேர்ந்தும் வைத்துவிட்டாள்.

மணல் மேட்டில் குடத்தோடு நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். "அது அருவாத்தாங்க! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி!" என்று அழகம்மாள் கத்தினாள்.

"அருவாளக் காட்டுங்க, எழுதிக்கிட்டுப் போயிர்றேன்" என்றார் ஹவில்தார். "பேட்டரி தீந்துபோச்சு, இன்னொருவாட்டி வச்சுப் பாக்க முடியாது. குண்டா இருந்தா மட்டும் நாளைக்கு வெடிக்க வைக்கணும். ஊத்து தப்பாது."

ராக்காயி உடம்பைக் குறுக்கிக் குழிக்குள் இறங்கினாள். கிடந்த தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். அகப்பையைச் சாய்த்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பதனத்தோடு ஈர மணலை வழித்தாள். முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த அரிவாள் தெரிந்தது. அவள் அதைத் தூக்கிக் காட்டியதும் மேட்டில் குலவைச் சத்தம் எழுந்தது. ஹவில்தார் நோட்டைத் திறந்தார்.

அரிவாள் இருந்த பள்ளத்தைச் சமன் செய்ய அகப்பையை இழுத்தாள். அது எதன் மேலோ வழுக்கியது. கிளிஞ்சல் இப்படி வழுக்காது. கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்று, உருண்டையாக, குடத்தின் வயிறு மாதிரி ஒன்று இருந்தது. விரல் அதன் மேலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

"அடியில வேற ஒண்ணும் தட்டுப்படலையே?" என்று ஹவில்தார் கேட்டார்.

மேட்டில் அத்தனை குடங்களும் அவளைப் பார்த்தன. 'இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருஷம் தூங்கியது முப்பது வருஷமும் தூங்கலாம். வேறு நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மைல் நடக்க வேண்டும், கோடையில் அதுவும் கிடைக்காது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். தினமும் 'ஆத்தா, பாரு!' என்று செவந்தி குழிக்குள் தொப்பென்று குதிப்பது கண்ணுக்குள் வந்தது. அவள் பாதம் விழுகிற இடத்துக்கு ஒரு முழம் கீழேதான் இது கிடக்கிறது.

"இருக்குதுங்க" என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னாள்.

ஹவில்தார் நோட்டை மூடினார். "கைய மெல்ல எடு தாயி. எறங்கின தடத்துலயே கால வச்சு ஏறு. எதையும் ஊனாத."

அவள் ஏறினாள். கால் வைத்த இடமெல்லாம் மணல் சரிந்தது. ஒவ்வொரு பொடியும் கீழே எதன் மேல் விழுகிறதோ என்று உடம்பு கூசியது.

மறுநாள் மத்தியானம் ஊற்று வெடித்தது. மணல் பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. கிடுகிடு பள்ளத்தில் கடல்தண்ணீர் நிறைந்தது.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணான்னு ஆக்கிப்புட்டாளே! இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயி வெந்தா போயிரும்?" என்று அழகம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

பொழுது சாயச் சாய, செவந்தி காலிக் குடத்துக்குப் பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு அழுதாள். "தாகமா இருக்கு ஆத்தா, தண்ணி குடு!"

ராக்காயி அவளை வாரி மடியில் போட்டு, இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தடவினாள்.

"அழுடி ஏந் தங்கம். இன்னும் சத்தமா அழு. இதக் கேக்கத்தான்டி ஊருக்குப் பகையாகிப்போனேன்."

பிறகு பிள்ளையை ஒரு இடுப்பிலும் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு, இரண்டு மைலுக்கு அப்பால் இருந்த கிணற்றைப் பார்த்து நடந்தாள்.