முதுகு காட்டிப் பாடிய பாட்டு

அந்தப் பாட்டின்மேல் டெஸ்ஸாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முக்கால்வாசி வந்துவிட்டது. இத்தனை சுலபமாகப் பாட்டு வருமா? அப்பா ராய்ஸ் ஹாத்காக் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் ஊரில் முப்பது வருஷம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிய மனுஷன். அவர் வீட்டில் எப்போதோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்து, உள்ளேயே கிடந்து, இப்போது எழுந்து வந்திருந்தால்?

அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. இன்னும் அவள் மேடையேறினால், புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நாலு பேர் தலையாட்டுவார்கள். கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் ஆல்பத்தில் இந்த ஒரு பாட்டாவது தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று தவித்தாள். திங்கட்கிழமை ஒலிப்பதிவு.

ஞாயிறு மதியம் ஒரு காபிக்கடையில் பாட்டுக்காரர்கள் கூடும் வட்டம். நாலு பேர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முறைவைத்து அவரவர் பாட்டைப் பாடுவார்கள். ஒத்திகை கிடையாது; கூடச் சேர்ந்து பாட விரும்பினால் பாடலாம். அன்று நாலாவது ஆள் வரவில்லை. கேட்க வந்திருந்த டெஸ்ஸாவின் அம்மா வோண்டாவைக் கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்துவந்து மகளுக்கு எதிரே உட்காரவைத்தார். ஒருகாலத்தில் ராய்ஸ் பாட்டுக்கெல்லாம் கூடவே மேல்குரலில் ஹார்மனி பாடியவள் அவள்தான். டெஸ்ஸாவுக்குப் பத்து வயதிருக்கும்போது நிறுத்திவிட்டாள். தொண்டைக் கோளாறு என்று வீட்டில் சொன்னார்கள்.

டெஸ்ஸா புதுப்பாட்டை எடுத்தாள். அதுவரை ஒரு ஈ காக்கைக்குக்கூட அவள் அதைப் பாடிக்காட்டியதில்லை. பல்லவி வந்ததும் வோண்டாவின் குரல் மேலே வந்து ஒட்டிக்கொண்டது. வார்த்தைக்கு வார்த்தை, மூச்சுக்கு மூச்சு. கூட்டம் சொக்கிப்போனது. அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? டெஸ்ஸா கடைசிச் சரணத்தைப் பாடாமலே முடித்துக்கொண்டாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"அம்மா, அது யார் பாட்டு?"

"உன் பாட்டுதானே. நல்லாருந்துச்சு."

"நீ முன்னாடியே கேட்டிருக்க. அப்பா பாடினாரா?"

"அடிப்பாவி! உன் வாயைப் பாத்துப் பாடினேன்டி. உதடு குவியுறதைப் பாத்தா அடுத்த வார்த்தை தெரியாதா? அத்தனை வருஷத் தொழிலா, கொக்கா?"

"யாருக்குக் காது குத்துற?"

"நீ போலீஸ்ல சேந்திருக்கணும். கிதாரை வித்துட்டு லத்தி வாங்கிக்கோ."

டெஸ்ஸா சிரிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்மா கேலி பேசினால் மழுப்புகிறாள் என்று பட்டது. பேசாமல் ஜன்னலைப் பார்த்தால் ஒளிக்கிறாள் என்று பட்டது. பாவம், மகள் மனசு நோகுமே என்று உண்மையை விழுங்குகிறாளோ?

வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையிலேயே டெஸ்ஸா கிதாரைத் தோளில் மாட்டினாள்.

"நீ சொல்றது நிஜம்னா இப்பப் பாடு. கடைசிச் சரணம். நான் திரும்பி நின்னுக்கறேன்."

"வேணாம் டெஸ்ஸா."

"மடியில கனமில்லேன்னா என்ன பயம்?"

சுவரைப் பார்த்து நின்று பாட ஆரம்பித்தாள். பின்னாலிருந்து வோண்டாவின் குரல் வந்தது. முதல் வார்த்தையிலேயே பிந்தியது. இரண்டாவது அடியில் வேறேதோ சொல்லைப் போட்டு இடறியது. குருடி சுவரைத் தடவி நடப்பதுபோல நாலு அடி வந்து, நின்றே போனது.

டெஸ்ஸாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை! பாட்டு தன்னுடையதுதான்! வாயெல்லாம் பல்லாகத் திரும்பினாள்.

வோண்டா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இதே இடம்தான்," என்றாள். "உங்கப்பாவும் இப்படித்தான் திரும்பி நின்னாரு. அவரோட புதுப்பாட்டை நான் மேடையில மொதல் தடவையே கூடப் பாடிட்டேனாம். பேஸ் கிதார் வாசிக்கிற டாய்ல்கிட்டத் தனியாப் போய்க் கத்துக்கிட்டு வந்தியான்னு கேட்டாரு. கேக்கக்கூடாததெல்லாம் கேட்டாரு. அன்னிக்கும் இப்படித்தான் தடுமாறினேன். அவருக்கும் இதே சிரிப்பு."

"அம்மா..."

"தொண்டைக்கு ஒண்ணுமில்லடி. அதுக்கப்புறம் அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துப் பாட முடியல. அவ்வளவுதான்."

 அப்பாவிடமிருந்து பாட்டு வந்துவிட்டதோ என்று டெஸ்ஸா பயந்தாளே, வந்தது அவருடைய சந்தேகம். வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது. நாளைக்கு என்கூட வந்து பாடேன் என்று கெஞ்சினாள். "வரேன்," என்றாள் வோண்டா. பாடுவேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் வோண்டா பிஸ்கட் ரொட்டியும் ஹாம் இறைச்சியும் கட்டி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்துகொண்டாள். ஒலிப்பதிவுக்காரர், "உங்க அம்மாவுக்கும் மைக் வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வைங்க," என்றாள் டெஸ்ஸா.

மைக் வைத்தார். அது சும்மாவே நின்றது. டெஸ்ஸா அம்மாவுக்கு நேர் எதிரே நின்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டை நன்றாகத் திறந்து, கெஞ்சுவதுபோலப் பாடினாள். வோண்டா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயைத் திறக்கவில்லை. பாட்டு முழுக்க முழுக்க டெஸ்ஸாவுடையதாகவே இருந்தது.